காலியாக விட்ட கோடு

போன சனிக்கிழமை அக்காள் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். சுபாங் ஜெயா எஸ்.எஸ். 15-இல் உள்ள ஒரு கல்லூரியில் மருத்துவ அலுவலகப் பணிக்கான படிப்புப் படிக்கிறாள். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். பயிற்சிக்காக ஆசிரியர் கொடுத்த ஒலிப்பதிவு அது. மருத்துவர் பேசுவதைக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்து கொண்டு போக வேண்டுமாம்.

“சின்னம்மா, இதைக் கொஞ்சம் கேளுங்களேன். ‘பலோனி ஆம்பியூட்டேஷன்’னு சொல்றார். அகராதியிலயும் தேடிட்டேன், கூகிள்லயும் தேடிட்டேன். அப்படி ஒரு ஆப்பரேஷனே கிடையாது.”

ஹெட்போனை வாங்கி ஒரு காதில் வைத்துக் கேட்டேன். சிரிப்பு வந்துவிட்டது. ‘பிலோ நீ ஆம்பியூட்டேஷன்.’ முழங்காலுக்குக் கீழே காலை எடுப்பது. மருத்துவர் மூன்று சொற்களையும் ஒரே மூச்சில் ஓட்டியதில் புதிதாக ஓர் அறுவை சிகிச்சை பிறந்துவிட்டது. சொன்னதும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு இருவருமே சிரிப்பை நிறுத்திக்கொண்டோம். கிள்ளானில் இருந்த எங்கள் மாமாவுக்கு இனிப்பு நீரால் நடந்த சிகிச்சை அதுதான்.

இந்தப் பத்தியில் நான் பார்த்த வேலையைப் பற்றி அதிகம் எழுதியதில்லை. ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தட்டச்சு செய்தவள் நான். நோயாளிகளைப் பார்த்துவிட்டு வரும் மருத்துவர், சின்ன ஒலிப்பதிவுக் கருவியில் பேசி வைப்பார். அந்த கேசட் எங்கள் மேசைக்கு வரும். காதில் ஹெட்போன், காலடியில் ஒரு மிதி. மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போகும். காதும் காலும் விரலும் ஒன்றாக ஓட வேண்டும். தையல் மிஷின் மிதித்தவர்களுக்கு இந்த வேலை சீக்கிரம் பழகிவிடும் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

மருத்துவர்கள் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து பேசுவதில்லை. மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது பேசுவார்கள். கறிபாப் கடித்துக்கொண்டே பேசுவார்கள். பின்னால் தாதி யாரையோ கூப்பிடுவார், குழந்தை அழும், தொலைபேசி அடிக்கும். ஒருவர் சென்னையில் படித்தவர், ஒருவர் டப்ளினில், இன்னொருவர் கெய்ரோவில். எல்லோரும் ஆங்கிலம்தான் பேசுவார்கள். ஆனால் ஒரே சொல் மூன்று வாயில் மூன்று விதமாக வரும்.

இதில் முதல் தொல்லை, கேட்டபடி தேடினால் அகராதியில் கிடைக்காத சொற்கள். ‘நிமோனியா’வை ‘என்’ எழுத்தில் தேடினால் ஆயுள் முழுக்கத் தேடலாம். அது ‘பி’யில் இருக்கிறது. கண் இமை தொங்கிப்போவதை ‘டோசிஸ்’ என்பார்கள். அதுவும் ‘பி’யில்தான். வாயும் கண்ணும் வறண்டுபோகும் ‘ஷோகிரன்’ என்ற நோய்க்கு ஒரு சுவீடன் மருத்துவரின் பெயர். எழுதும்போது ‘எஸ்’ஸுக்குப் பக்கத்தில் ‘ஜே’ வந்து நிற்கும். ஆகவே காதில் விழும் ஒலிக்கு எத்தனை எழுத்துகளில் கதவு இருக்கிறது என்ற பட்டியல் ஒன்று மனத்தில் இருக்க வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான்.

அடுத்தது இரட்டைப் பிள்ளைகள். சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு ‘இலியம்’ என்று பெயர். இடுப்பு எலும்புக்கும் ‘இலியம்’தான். தமிழில் எழுதினாலும் ஒன்று, காதில் கேட்டாலும் ஒன்று. ஆங்கில எழுத்தில் மட்டும் நடுவே ஓர் எழுத்து மாறும். குடலுக்கு ‘ஈ’, எலும்புக்கு ‘ஐ’. சாப்பிடுவது என்பதற்கான ஆங்கிலச் சொல் ‘ஈ’யில் தொடங்குகிறது, சாப்பாடு போகும் இடத்துக்கும் ‘ஈ’ என்று நான் நினைவு வைத்துக்கொண்டேன். ‘டிஸ்பேஜியா’ என்றால் விழுங்க முடியவில்லை, ‘டிஸ்பேசியா’ என்றால் பேச்சுமொழி தடைபடுகிறது. பக்கவாதம் வந்தவருக்கு இரண்டுமே இருக்கக்கூடும் என்பதால், ஆளை வைத்தும் தப்பிக்க முடியாது. அடுத்த வரியில் மருத்துவர் மூக்குக் குழாய் பற்றிப் பேசுகிறாரா, பேச்சுப் பயிற்சி பற்றிப் பேசுகிறாரா என்று பார்க்க வேண்டும்.

சொல்லின் வால் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. ‘எக்டமி’ என்று முடிந்தால் ஓர் உறுப்பை எடுத்துவிட்டார்கள். ‘ஒட்டமி’ என்றால் வெட்டித் திறந்தார்கள். ‘ஒஸ்டமி’ என்றால் திறந்து ஒரு வாய் வைத்தார்கள். ‘பிளாஸ்டி’ என்றால் சீரமைத்தார்கள். இவை கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. நமக்குக் கிரேக்கம் தெரிய வேண்டியதில்லை. நாற்பது ஐம்பது வால்களும் தலைகளும் தெரிந்தால் போதும், முன்பின் கேட்டிராத சொல்லையும் பிரித்துப் பார்த்துவிடலாம்.

இவ்வளவு நீளமான சொற்களுக்குத்தான் பயப்பட வேண்டும் என்று என் அக்காள் மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீளமான சொல் தெரியாவிட்டால் நாம் நின்று தேடுவோம். ஆபத்து சின்னச் சொற்களில் இருக்கிறது. ‘ஏ-பெப்ரைல்’ என்று ஒரே சொல்லாக வந்தால் காய்ச்சல் இல்லை. அதையே இரண்டாகப் பிரித்தால் காய்ச்சல் உள்ள ஒருவர். ‘நோ நோன் அலர்ஜி’ என்றால் ஒவ்வாமை எதுவும் தெரியவரவில்லை. முதல் சொல் ‘நவ்’ என்று காதில் விழுந்தால் ஒவ்வாமை இருப்பது இப்போது தெரிந்துவிட்டது என்றாகிவிடும். ‘ஹைப்போ’ என்றால் குறைவு, ‘ஹைப்பர்’ என்றால் அதிகம். கடைசி அசையை மென்று விழுங்குபவரிடம் அந்த வித்தியாசம் ஒரு பெருமூச்சு அளவுதான்.

மருந்துப் பெயர்களும் அப்படித்தான். வயிற்று அமிலத்துக்கான ‘லோசெக்’ மாத்திரையும் உடம்பில் சேர்ந்த நீரை இறக்கும் ‘லேசிக்ஸ்’ மாத்திரையும் குழம்பிப்போனதால், அமெரிக்காவில் 1990-இல் லோசெக்கின் பெயரையே ‘பிரைலோசெக்’ என்று மாற்ற வேண்டியதாயிற்று. நம் நாட்டுச் சுகாதார அமைச்சும் பார்வைக்கும் காதுக்கும் ஒன்றுபோல் இருக்கும் மருந்துகளைக் கையாள்வதற்கென்றே 2012-இல் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. மருந்தகத்தில் சில பெட்டிகளின் மேல், பெயரின் நடுவில் சில எழுத்துகள் மட்டும் பெரிய எழுத்தாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். டோபமின், டோபுட்டமின் போன்ற மருந்துகளில் வேறுபடும் இடத்தைக் கண்ணுக்குக் காட்டுவதற்காக அப்படி அச்சிடுகிறார்கள்.

கடைசியாக எண்கள். ஆங்கிலத்தில் பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் ஒலி மிக நெருக்கம். எட்டும் எண்பதும் அப்படியே, ஒரு சின்ன ‘டி’தான் நடுவில். இதனால் என்ன நடக்கும் என்பதற்கு நீதிமன்றம் வரை போன ஒரு கதை உண்டு.

2000-ஆம் ஆண்டு வாக்கில் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் பக்கமெல்லாம் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். அமெரிக்க மருத்துவர் மாலையில் பேசி வைத்துவிட்டுப் போவார். அவர் தூங்கும் நேரம் இந்தியாவில் பகல். காலையில் அவர் எழும்போது தட்டச்சு செய்த அறிக்கை தயாராக இருக்கும். அப்படி ஓர் ஏற்பாட்டில், 2008-இல் அலபாமா மாநிலத்தில் உள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் மறுவாழ்வு மையத்துக்கு மாற்றப்பட்டார். நீரிழிவு நோயாளி. அவருக்கான இன்சுலின் அளவு 8 யூனிட். இந்தியாவில் தட்டச்சாகித் திரும்பிய அறிக்கையில் 80 யூனிட் என்று இருந்தது. மருத்துவர் பார்த்துக் கையெழுத்திடுவதற்கு முன்பே அந்தத் தாள் மறுவாழ்வு மையத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்தவர்கள் தாளில் இருந்தபடி ஊசி போட்டார்கள். அந்தப் பெண் பிழைக்கவில்லை. 2012-இல் அலபாமா நடுவர் குழு அவர் குடும்பத்துக்கு 14 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் இடத்தில் என்னை வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் நானும் ஒரு நாள் அப்படி ஒரு சொல்லைப் போட்டவள்தான்.

வேலைக்குச் சேர்ந்து ஓர் ஆண்டு இருக்கும். ஒரு வயதான நோயாளியின் அறிக்கை. இரத்தத்தில் பொட்டாசியம் பற்றி மருத்துவர் பேசிக்கொண்டே மின்தூக்கிக்குள் நுழைந்துவிட்டார். ‘ஹைப்...’ என்றதும் மணி அடித்தது. மீதி ‘கலேமியா’ என்று கேட்டது. மூன்று முறை பின்னால் போய்க் கேட்டேன். மாலை ஐந்தரை மணி, கொமூட்டர் ரயிலைப் பிடிக்க வேண்டும். அந்த வாரம் நான் தட்டச்சு செய்த இரண்டு அறிக்கைகளிலும் ‘ஹைப்பர்’தான் வந்திருந்தது. இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்று ‘ஹைப்பர்கலேமியா’ என்று போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். பொட்டாசியம் அதிகம் என்று பொருள்.

மறுநாள் காலை எங்கள் மேற்பார்வையாளர் அழைத்தார். வயதில் மூத்தவர், எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தாளை என் முன்னால் வைத்து, இரண்டு வரி தள்ளி விரலை வைத்தார். நோயாளிக்குப் பொட்டாசியம் மருந்து கொடுக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த வரியையும் நான்தான் தட்டச்சு செய்திருந்தேன். பொட்டாசியம் அதிகம் உள்ளவருக்கு யாராவது பொட்டாசியம் கொடுப்பார்களா? இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிர். தப்பினால் இதயத் துடிப்பே நின்றுபோகும்.

அவர் என்னைத் திட்டவில்லை. நான் போட்ட சொல்லை அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். “இதை எடுத்துக்கிட்டு வார்டுக்குப் போ. டாக்டரைப் பார்த்து நேரா கேட்டுட்டு வா” என்றார். நான் தயங்கி நின்றேன். அப்போது அவர் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. “தெரியாததை எழுதாத, கோடு போடு. கோடு இருந்தா டாக்டர் அங்க நின்னு பார்ப்பாரு. ஏதாச்சும் வார்த்தை இருந்தா தாண்டிப் போயிடுவாரு.”

வார்டில் அந்த மருத்துவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தாளைப் பார்த்தார், ‘ஹைப்போ’ என்று கோட்டின் மேல் எழுதினார், நன்றி சொன்னார். அரை நிமிட வேலை.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். புரியாத இடத்தில் மூன்று முறை கேட்பேன். அப்படியும் பிடிபடாவிட்டால் இடம் விட்டு மேலே போவேன். பல நேரம் அதே சொல்லை மருத்துவர் பின்னால் தெளிவாகச் சொல்லியிருப்பார். முழுவதும் முடித்துவிட்டுத் திரும்பி வந்து கேட்டால், முதலில் இரைச்சலாக இருந்தது சொல்லாக விழும். அதுவும் இல்லாவிட்டால் பக்கத்து மேசைக்காரரிடம் ஹெட்போனைக் கொடுப்பேன், ஆனால் எனக்கு என்ன கேட்டது என்று முன்கூட்டியே சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டால் அவர் காதுக்கும் அதுதான் கேட்கும். பிறகு பழைய கோப்பு, அகராதி, மருந்துகளுக்கு மிம்ஸ் புத்தகம். மருந்தின் பெயர் கிடைத்தால் அது அந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்துதானா, அந்த அளவில் அது விற்கிறதா என்று பார்ப்பேன். இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருந்தால் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவில் அது எந்த இடம் என்று குறிப்பு. எண்ணாக இருந்தால் இந்தப் படிகள் எதுவும் கிடையாது. சந்தேகம் வந்தவுடனே கோடுதான். எண்ணை ஊகிக்க எந்த இலக்கணமும் உதவாது.

இப்போது கேசட்டும் இல்லை, மிதியும் இல்லை. 1999-இல் திறந்த செலாயாங் மருத்துவமனை தொடக்கத்திலேயே காகிதமில்லா மருத்துவமனையாக வந்தது. இன்று பல இடங்களில் மருத்துவர்களே கணினியில் எழுதிக்கொள்கிறார்கள், அல்லது அவர்கள் பேசப் பேசக் கணினியே எழுதிக்கொள்கிறது. “இன்னும் ரெண்டு வருஷத்துல எனக்கு வேலை இருக்குமா சின்னம்மா?” என்று அக்காள் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி.

2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. மருத்துவர்கள் பேசிய 217 பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். கணினி தானாக எழுதியதில் நூறு சொல்லுக்கு 7.4 பிழைகள். அதைத் தட்டச்சர் ஒருவர் கேட்டுத் திருத்திய பிறகு 0.4. மருத்துவர் படித்துக் கையெழுத்திட்ட பிறகு 0.3. கணினி அன்றைக்கு இருந்ததைவிட இன்று வெகுவாகத் தேறியிருக்கிறது. ஆனால் புதுச் சிக்கல் ஒன்றும் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவால் பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருளைச் சோதித்தவர்கள், ஏறக்குறைய நூற்றில் ஓர் ஒலித்துண்டில் யாருமே பேசாத வாக்கியங்களை அது தானாகச் சேர்த்திருப்பதை 2024-இல் வெளியிட்டார்கள். பேசுபவர் நிறுத்தி யோசிக்கும் இடைவெளிகள் அதிகமானால் அப்படி நடப்பதும் அதிகமாம்.

படித்தபோது அக்காவின் கோடுதான் என் கண்முன் வந்தது. காதில் விழாத இடத்தில் அந்த மென்பொருள் கோடு போடவில்லை. ஒரு சொல்லைப் போட்டுவிட்டது. இலக்கணப் பிழை இல்லாத, படிக்க அழகான சொல். மருத்துவர் தாண்டிப் போய்விடுவார். ஆகவே அவளிடம் சொன்னேன்: தட்டச்சு செய்யும் வேலை குறையலாம். தட்டச்சானதைச் சந்தேகத்தோடு படிக்கும் வேலை இருக்கும். அதைக் கற்றுக்கொள்.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும்போது நம் கையில் ஒரு தாள் கொடுக்கிறார்கள் அல்லவா? என்ன நோய், என்ன சிகிச்சை, இனி என்ன மருந்து என்று அதில் இருக்கும். நம்மில் பலர் அதை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறோம். ஆங்கிலம், நமக்குப் புரியாது என்கிறோம். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம். இன்சுலின் ஊசியும் அதன் எண்ணும் ஏதோ அலபாமா சங்கதி அல்ல, நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிச் சங்கதி.

அந்தத் தாளை அங்கேயே, கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்பே, பிள்ளைகளில் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். பெயர், அடையாள அட்டை எண், இடது வலது, ஒவ்வாமை, மருந்தின் பெயர், அளவு. இந்த ஆறையும் பார்த்தால் போதும். முன்பு சாப்பிட்ட அளவும் இப்போது எழுதியிருக்கும் அளவும் வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அளவைத் தாதியிடம் திருப்பிச் சொல்லும்போது தமிழிலோ மலாயிலோ சொல்லுங்கள். ஆங்கிலத்தில்தான் எட்டும் எண்பதும் ஒட்டிப் பிறந்தவை. தமிழில் ‘எட்டு’, ‘எண்பது’. மலாயில் ‘லாப்பான்’, ‘லாப்பான் பூலோ’. பதினைந்தும் ஐம்பதும் தமிழில் ஒருநாளும் குழம்பாது. ‘எண்பது’ என்று வாய்விட்டுச் சொன்னால் பக்கத்தில் நிற்பவர் காதாவது விழித்துக்கொள்ளும்.

கேட்டால் மருத்துவர் கோபிப்பார் என்ற பயம் நம் பெரியவர்களுக்கு உண்டு. எனக்கும் இருந்தது. அன்று வார்டில் அரை நிமிடம் ஆனது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை பயிற்சியில் ஓர் இடம் மட்டும் எங்கள் இருவருக்குமே பிடிபடவில்லை. ஏதோ ஒரு மாத்திரை, அதன் அளவும் சரியாகக் காதில் விழவில்லை. “சும்மா விட்டா மார்க் போயிடும் சின்னம்மா, எதையாவது போட்டுடறேன்” என்றாள். கோடு போடச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டாள், பக்கத்தில் நிமிடக் கணக்கையும் குறித்துக்கொண்டாள். மார்க் போயிற்றா வந்ததா என்று நான் இன்னும் கேட்கவில்லை. போயிருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் அலமாரியில் மடித்து வைத்த தாள் இருந்தால், இன்று ஞாயிறுதானே, எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.